கைதியைச் சுட்டவனுக்கு ஏன் தண்டனை இல்லை? ‘தி ஸ்டீல் ஹெல்மெட்’ பற்றி ஒரு விவாதம்

வாசகர் ஒருவரின் கேள்வி, பிப்ரவரி 3

சாமுவேல் ஃபுல்லர் இயக்கிய ‘தி ஸ்டீல் ஹெல்மெட்’ படத்தை நேற்றுதான் பார்த்தேன். கொரியப் போரில் ஒரு புத்தர் கோயிலுக்குள் தங்கும் சில அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றிய கதை. நிராயுதபாணியான ஒரு கைதியைச் சார்ஜென்ட் ஸாக் சுட்டுவிடுகிறான். அவனை யாரும் கைது செய்வதில்லை. கடைசியில் உயிரோடு நடந்து போகிறான். வழிபாட்டு இடத்தைக் காவல் அரணாக்கியதற்கும் படத்தில் வருத்தமில்லை. கடவுள் நம்பிக்கையையும் அறத்தையும் ஒருசேரக் கேலி செய்யும் படம் என்றே எனக்குப் படுகிறது. குறைந்த செலவில் அவசரமாக எடுத்ததால் யோசிக்க நேரமில்லாமல் போயிற்றோ?

என் பதில், பிப்ரவரி 3, இரவு

அவசரமாக எடுத்த படம் என்பது சரிதான். 1950 ஜூன் 25 அன்று போர் தொடங்கியது. அக்டோபரில் பத்து நாட்களில் படப்பிடிப்பை முடித்து, 1951 ஜனவரியில் திரையிட்டுவிட்டார்கள். போர் அப்போதும் நடந்துகொண்டிருந்தது. ராபர்ட் லிப்பர்ட் என்ற சிறு தயாரிப்பாளர் கொடுத்த பணம் ஏறத்தாழ 1,04,000 டாலர். போர்க்களம் என்று நாம் பார்ப்பது லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிரிஃபித் பூங்கா. படை என்று பார்ப்பது அந்நகரப் பல்கலைக்கழகத்தின் 25 மாணவர்கள்.

ஆனால் யோசிக்க நேரமில்லை என்பதை நான் ஏற்கவில்லை. ஃபுல்லர் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் முதலாம் காலாட்படைப் பிரிவில் சாதாரணச் சிப்பாயாக வட ஆப்பிரிக்கா, சிசிலி, நார்மண்டி வழியாகச் செக்கோஸ்லோவாக்கியா வரை நடந்தவர். பத்து நாட்களில் படமாக்கிய விஷயத்தை அதற்கு முன்பே பல ஆண்டுகள் சுமந்திருக்கிறார். இன்னொன்றும் உண்டு. கையில் பணமில்லாததால் கதையின் பெரும்பகுதியை ஒரே கோயில் அரங்குக்குள் அடைக்க வேண்டியிருந்தது. அதன் விளைவாக, சிப்பாய்கள் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் சண்டையிடும்போதும் பின்னால் ஒரு பெரிய புத்தர் உட்கார்ந்திருக்கிறார். பத்து மடங்கு பணம் இருந்திருந்தால் மலை, ஆறு, பாலம் என்று கேமரா வெளியே போயிருக்கும். புத்தருக்கு இரண்டு காட்சிதான் கிடைத்திருக்கும்.

பிப்ரவரி 4

படம் பார்க்காதவர்களும் இங்கே எழுதத் தொடங்கிவிட்டதால் அந்தக் காட்சியின் முன்பின்னைச் சொல்லிவிடுகிறேன்.

படம் தொடங்கும்போது திரை முழுக்க ஓர் இரும்புத் தொப்பி. அதில் குண்டு துளைத்த ஓட்டை. தொப்பி மெல்ல எழும்ப, அடியில் இரண்டு கண்கள் தெரிகின்றன. கைகள் கட்டப்பட்ட நிலையில் சுட்டுத் தள்ளப்பட்ட கைதிகளில் ஸாக் ஒருவன் மட்டும் பிழைத்திருக்கிறான். ஒரு கொரியச் சிறுவன் வந்து அவன் கட்டை அறுத்துவிடுகிறான். ஸாக் அவனுக்கு ‘ஷார்ட் ரவுண்ட்’ என்று பெயர் வைக்கிறான். அதோடு சரி, பாசமாக ஒரு வார்த்தை கிடையாது. சிறுவன் பௌத்தன். தன் வேண்டுதல்களைக் காகிதத்தில் எழுதி முதுகுச் சட்டையில் குத்திக்கொள்வது அவன் வழக்கம். வழியில் சேர்ந்துகொண்ட சில சிப்பாய்களோடு கோயிலுக்கு வந்து, அதைப் பீரங்கிப் படைக்கு இலக்குச் சொல்லும் கண்காணிப்பிடமாக ஆக்குகிறார்கள். அங்கே ஒளிந்திருந்த வடகொரிய மேஜர் ஒருவன் ஒரு சிப்பாயைக் கொன்றுவிட்டுப் பிடிபடுகிறான். பிறகு வெளியிலிருந்து வந்த குண்டுக்குச் சிறுவன் பலியாகிறான். அவன் முதுகிலிருந்த கடைசிக் காகிதத்தில், சார்ஜென்ட் ஸாக்குக்குத் தன்னைப் பிடிக்க வேண்டும் என்று புத்தரிடம் கேட்டிருக்கிறான். கைதி அதைக் கேட்டு ஏளனம் செய்கிறான். ஸாக் சுடுகிறான்.

எங்கள் விருத்தாசலத்துப் பக்கம் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டும் வழக்கம் உண்டு. குறையைக் காகிதத்தில் எழுதி, பூசை செய்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருவார்கள். சிறுவனின் காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. பிராதில் பெரும்பாலும் இன்னார் எனக்கு இன்ன தீங்கு செய்தார், கேளுங்கள் சாமி என்று இருக்கும். இவன் யார் மீதும் குற்றம் சொல்லவில்லை. ஒரு முரட்டு மனிதனுக்குத் தன்னைப் பிடிக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறான்.

அந்த வேண்டுதல் பலித்துவிட்டது என்பதுதான் இந்தப் படத்தின் மையம் என்று நினைக்கிறேன். ஸாக்குக்கு அவனைப் பிடித்துப் போயிருந்தது. பிடிக்காமல் இருந்திருந்தால் ஏளனம் அவனைத் தொட்டிருக்காது, கைதியும் பிழைத்திருப்பான். வெறுப்பிலிருந்து பிறந்த கொலை என்றால் நமக்குத் தீர்ப்புச் சொல்வது எளிது. இது பலித்த வேண்டுதலிலிருந்து பிறந்த கொலை. நம்பிக்கையைக் கேலி செய்யும் படமாக இருந்தால் வேண்டுதலைப் பலிக்கவிடாமல் செய்திருக்கும். அது இன்னும் மலிவான வழி.

பிப்ரவரி 4, மாலை

படத்தில் வரும் டாங்கி பலகையில் செய்ததா என்று கேட்டவருக்கு: ஆம், பிளைவுட் பலகையில் செய்ததுதான். எந்த வீட்டிலாவது பிறகு கட்டிலாகியிருக்கும்.

பிப்ரவரி 6

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் இந்தப் படத்தில் என் கண் ஸாக்கைவிட மருத்துவச் சிப்பாய் தாம்ஸனைத்தான் பின்தொடர்ந்தது. ஜேம்ஸ் எட்வர்ட்ஸ் நடித்த கறுப்பினச் சிப்பாய் அவர்.

ஒரு காட்சியில், காயம்பட்டவனுக்கு ஏற்றும் பிளாஸ்மா பாட்டில் புத்தர் சிலையின் கையில் தொங்குகிறது. புனிதத்தை அவமதித்ததாக இதை ஒருவர் மேலே எழுதியிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வார்டில் ஸ்டாண்டு போதாத நாட்களில் ஜன்னல் கம்பியில் காஸ் துணியை முறுக்கிக் கட்டி, அதில் பாட்டிலைத் தொங்கவிட்டிருக்கிறேன். காமாலை வார்டில் ஒரு சாமி படத்தின் ஆணியிலும் மாட்டியதுண்டு. படத்தைக் கழற்றி மேசையில் வைக்கும்போது அந்த நோயாளியின் அம்மா, அது அங்கேயே இருக்கட்டும் தம்பி, பாட்டிலையும் சேர்த்து மாட்டு என்றார். பாட்டில் நோயாளியைவிட உயரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கோயிலில் எட்டக்கூடிய உயரமான இடம் புத்தரின் கை.

தாம்ஸன் அந்த மேஜரின் காயத்துக்குக் கட்டுப் போடும்போது மேஜர் சும்மா இருப்பதில்லை. உன் நாட்டில் வெள்ளைக்காரனோடு பேருந்தில் சமமாக உட்கார முடியாத நீ, அவனுக்காக ஏன் சண்டையிடுகிறாய் என்று குத்துகிறான். தாம்ஸன் அதை மறுக்கவில்லை. முன்பு ஏறவே முடியாது, இப்போது பின்னால் உட்காரலாம், இன்னும் ஐம்பது ஆண்டில் நடுவில் உட்காரலாம் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டுக் கட்டை இறுக்குகிறார். பேருந்தில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்கார வைப்பதை எதிர்த்து அமெரிக்காவின் மான்ட்கமரி நகரில் நடந்த பேருந்துப் புறக்கணிப்பு 1955 டிசம்பரில்தான் தொடங்கியது என்பதை நினைத்தால், 1951இல் ஒரு போர்ப்படம் இதைப் பேசியது சாதாரண விஷயம் இல்லை.

குத்துவெட்டு வழக்கில் குத்தியவனையும் குத்துப்பட்டவனையும் ஒரே இரவில் கொண்டு வருவார்கள். கால்விலங்கைக் கட்டிலில் பூட்டிவிட்டுக் காவலர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தையல் போட உதவும்போது அவன் என்னைத் திட்டியதுண்டு. அந்த நேரத்தில் எனக்குக் கருணை பொங்கியது என்று சொன்னால் பொய். ஊசியும் நூலும் எங்கே இருக்கின்றன என்பதில்தான் கவனம் இருக்கும். தாம்ஸனின் முகத்தில் அதே கவனத்தைப் பார்த்தேன். அவர் கடவுளைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை என்று குறை சொன்னவர், அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு எழுதலாம்.

பேச்சோடு பேச்சாக, அதே கொரியாவில் நம்மவர் ஒருவரும் இருந்தார். இந்தியா சண்டையிடப் படை அனுப்பவில்லை. 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதன் தலைவர் லெஃப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். 1951 மார்ச்சில் முன்சான் பகுதியில் அமெரிக்க வான்குடைப் படையினரோடு அவரும் அவருடைய ஆட்களும் விமானத்திலிருந்து குதித்து, களத்திலேயே சிகிச்சை அளித்தார்கள். மகாவீர் சக்கரம் பெற்றவர். அவரைப் பற்றி யாராவது படம் எடுத்தால், பிளைவுட் டாங்கியோடு எடுத்தாலும் பார்ப்பேன்.

பிப்ரவரி 7

அந்த மேஜர் ஏற்கெனவே ஒருவனைக் கொன்றவன்தானே, அவனைச் சுட்டதில் என்ன தவறு என்று ஒரு நண்பர். தவறுதான். சண்டையில் கொன்றது வேறு. பிடிபட்ட பிறகு அவன் கைதி. 1949 ஆகஸ்ட் 12 அன்று கையெழுத்தான மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை, கைதியை மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும் என்கிறது; பழிவாங்கலையும் தடை செய்கிறது. அமெரிக்கா அதை முறைப்படி ஏற்றது 1955இல்தான் என்றாலும், 1950 ஜூலையிலேயே இரு தரப்பும் அதன்படி நடப்பதாக அறிவித்திருந்தன.

அறிவிப்பு ஒருபுறம் இருக்க, ஆகஸ்ட் 17 அன்று வேக்வான் ஊருக்கு அருகே 303ஆம் குன்றில், கைகள் பின்னால் கட்டப்பட்ட 40க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கைதிகளை வடகொரியப் படையினர் சுட்டுக் கொன்றனர். படத்தின் முதல் காட்சியில் ஸாக்கின் கைகள் கட்டப்பட்டிருப்பதை அன்றைய பார்வையாளர் எதோடு சேர்த்துப் பார்த்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. சாதாரணமாக இப்படித் தொடங்கும் படம் பழிவாங்குவதற்கு நம்மிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளும். ஃபுல்லர் அதே அநியாயத்துக்கு ஆளானவன் கையாலேயே இன்னொரு கைதியைச் சுட வைக்கிறார். அனுமதி கொடுத்துவிட்ட நமக்கு அந்தக் குண்டுச் சத்தம் சங்கடமாக இருக்கிறது. குறைந்தபட்சம் எனக்கு இருந்தது.

சட்டத்தின் பக்கம் நின்று ஸாக்கைக் கண்டிப்பவன் லெஃப்டினன்ட் டிரிஸ்கால். அவனை நமக்குப் பிடிக்காதபடி படம் பார்த்துக்கொள்கிறது. அனுபவமில்லாதவன், மிடுக்குக் காட்டுபவன். ஆனால் இந்த ஓர் இடத்தில் அவன் சொல்வதே சரி. நல்லவன் வாயில் நல்ல சட்டத்தை வைக்காததைப் படத்தின் குழப்பம் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் விதியைச் சரியாகச் சொன்னவர்கள் பெரும்பாலும் யாருக்கும் பிடிக்காத ஆட்களாகவே இருந்தார்கள். ஆள் பிடிக்கவில்லை என்பதற்காக விதி பொய்யாகிவிடவில்லை.

சுட்ட கணத்திலேயே ஸாக் பதறுவதையும் கவனிக்க வேண்டும். செத்துப்போனால் உன்னைக் கொன்றுவிடுவேன் என்று குண்டடிபட்டவனிடமே கத்துகிறான். திரையரங்கில் சிரிப்பு வருமாம். எனக்கு வரவில்லை, உறவினர்கள் உயிர்போகும் நோயாளியிடம் இதைவிட அர்த்தமற்றதையெல்லாம் கத்தக் கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 9

இரண்டு நாளாக ஒரு விஷயம் உறுத்துகிறது. இந்தப் படத்தை முழுதாக ஆதரித்து எழுதிவிட்டதுபோல ஒரு தோற்றம் வந்துவிட்டது, அப்படி இல்லை.

கோயிலுக்கு வருவதற்கு முன்பு, வழிபடுவதுபோல் மண்டியிட்டிருப்பவர்கள் ஆடைக்குள்ளிருந்து துப்பாக்கியை எடுக்கும் காட்சி ஒன்று உண்டு. பெண்ணுடையில் இருப்பதும் ஆண். ஸாக் முந்திக்கொண்டு சுடுகிறான். எந்தக் கொரியன் நம்மவன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு, உன்னோடு ஓடினால் தென்கொரியன், உன்னைத் துரத்தினால் வடகொரியன் என்ற பொருளில் ஒரு வேடிக்கைப் பதிலும் வருகிறது. அப்போது சிரித்தேன். ஆனால் 1950 ஜூலை கடைசி வாரத்தில் நோ கன் ரி என்ற ஊரில், அகதிகளின் கூட்டத்துக்குள் எதிரிப் படையினர் மாறுவேடத்தில் கலந்திருப்பார்கள் என்ற அச்சம் நிலவிய சூழலில், ரயில் பாலத்தடியில் ஒதுங்கிய பொதுமக்கள் மீது அமெரிக்கத் துருப்புகள் சுட்டன. 1999இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் அதை விரிவாக வெளியிட்ட பிறகுதான் உலகம் பேசியது. 2001இல் அதிபர் கிளின்டன் வருத்தம் தெரிவித்தார்.

படம் எடுத்தபோது ஃபுல்லருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் தொழுகிறவன் கையில் துப்பாக்கி இருக்கும் என்று ஒரு காட்சி உறுதிசெய்தால், தொழுகிறவனைச் சுடுவது அறிவுடைமையாகிவிடுகிறது. கைதியைச் சுட்டதற்கு நம்மைச் சங்கடப்படுத்திய அதே படம் இங்கே நம்மை ஆறுதலாக உட்கார வைக்கிறது. கேள்வி கேட்டவரின் கோபத்துக்கு நியாயமான இடம் கோயில் காட்சியைவிட இதுதான் என்று இப்போது படுகிறது. சிறுவனின் உண்மையான தொழுகைக்கு எதிர்நிலையாக இந்தப் போலித் தொழுகையை வைத்திருக்கலாம் என்று ஒரு சமாதானமும் எனக்குள் ஓடியது. இரண்டு நாள் யோசித்தும் அது எனக்குப் போதவில்லை.

பிப்ரவரி 10

பிணங்களைப் பற்றி. இறந்த சிப்பாய் ஒருவனின் அடையாள வில்லையை எடுத்துவரச் சொல்கிறார்கள். வேண்டாம், செத்தவன் வெறும் பிணம், விட்டுவிடுங்கள் என்று ஸாக் தடுக்கிறான். எடுக்கப் போனவன் பிணத்தில் பொருத்தியிருந்த வெடியில் சாகிறான். ஆக, ஸாக் சொன்னதே சரி. இறந்தவனுக்கு மரியாதை செய்வது முட்டாள்தனம் என்று படம் சொல்கிறது என ஒருவர் முடிவு கட்டியிருக்கிறார்.

ஃபுல்லரின் வாழ்க்கையில் இதற்கு நேர் எதிரான ஒன்று நடந்திருக்கிறது. 1945 மே மாதம் நாஜிகளின் ஃபால்கெனாவ் வதைமுகாமை அவருடைய படைப்பிரிவு விடுவித்தது. முகாமைப் பற்றி எதுவும் தெரியாது என்று சொன்ன ஊர்க்காரர்களை வரவழைத்து, இறந்துகிடந்தவர்களுக்கு உடை உடுத்தி, வண்டியில் ஏற்றி, ஊர் வழியே கொண்டுபோய் அடக்கம் செய்ய வைத்தார் அவருடைய கேப்டன். அம்மா அனுப்பிய 16 மி.மீ. கேமராவில் ஃபுல்லர் அதைப் படம் பிடித்தார். அவர் முதன்முதலில் எடுத்த படம் அதுதான். முகம் தெரியாத பிணங்களுக்குச் சட்டை மாட்டுவதை நேரில் பதிவு செய்தவர், செத்தவன் வெறும் பிணம் என்ற வசனத்தைத் தன் கருத்தாக எழுதியிருப்பார் என்று நான் நம்பவில்லை. படத்திலேயே ஸாக் அந்த வசனத்தில் நிலைக்கவில்லை. ஓட்டை விழுந்த தன் தொப்பியை ராசி என்று நினைத்து டிரிஸ்கால் மாற்றிக்கொள்ளக் கேட்டபோது மறுத்தவன், டிரிஸ்கால் செத்த பிறகு அவன் புதைகுழி மேல் அதை வைத்துவிட்டு அவனுடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறான். பிணத்துக்குத் தொப்பி எதற்கு?

பிப்ரவரி 13

பிராண்ட்டி என்ற சிப்பாயை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். முந்தைய உலகப் போரில் மனசாட்சியைக் காரணம் காட்டி ஆயுதமெடுக்க மறுத்தவன்; இந்தப் போரில் தானாக வந்திருக்கிறான். தான் வாழும் வீட்டுக்கு ஆபத்து வந்தால் காக்க வேண்டாமா என்பது அவன் வாதம். படம் அவனைக் கோழை என்றும் சொல்லவில்லை, ஞானோதயம் பெற்றவன் என்றும் சொல்லவில்லை. இறுதித் தாக்குதலில் அவனும் சாகிறான்.

அவன் சின்ன ஆர்கன் ஒன்றில் ‘ஆல்ட் லாங் சைன்’ மெட்டை வாசிக்கிறான். சிறுவன் சட்டென்று எழுந்து விறைப்பாக நின்று கொரிய மொழியில் பாடத் தொடங்குகிறான். மற்றவர்கள் விழிக்கிறார்கள். கொரிய தேசப்பண்ணை வெகுகாலம் அந்த ஸ்காட்லாந்து மெட்டில்தான் பாடிவந்தார்கள். ஆன் இக்தே என்ற கொரிய இசையமைப்பாளர் அமைத்த இசை தென்கொரியாவில் அதிகாரப்பூர்வமானது 1948இல்தான். வெள்ளைக்காரனுக்குப் புத்தாண்டு இரவின் பாட்டு, சிறுவனுக்கு நாட்டின் பாட்டு. முழுப் படத்திலும் எல்லோரும் ஒரே விஷயத்தில் மனம் வைத்த நேரம் இதுவே. செலவு ஒரு சின்னப் பெட்டி ஆர்கன்.

பிப்ரவரி 15

தண்டனை ஏன் இல்லை என்ற மூலக் கேள்வியை யாரும் விடவில்லை. 1951இல் அமெரிக்க ராணுவமும் இதைத்தான் கேட்டது. ஃபுல்லரின் நினைவுக்குறிப்பின்படி, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பெண்டகனுக்கு அழைத்து அவரை விசாரித்தார்கள். அமெரிக்கச் சிப்பாய் கைதியைச் சுடமாட்டான் என்றார்கள். தன் பழைய தளபதி ஜார்ஜ் டெய்லரிடம் தொலைபேசியில் கேளுங்கள் என்றாராம் ஃபுல்லர். உலகப் போரில் நார்மண்டிக் கரையில் ஆட்களை எழுப்பி நடத்திச் சென்றவர் அந்த டெய்லர். அப்படி நடந்ததுண்டு என்று அவர் உறுதிசெய்தார். இடதுசாரி ஏடு பிற்போக்குப் படம் என்றது. வலதுசாரிப் பத்தி எழுத்தாளர்கள் கம்யூனிச வாடை அடிக்கிறது என்றார்கள். படமோ போட்ட பணத்தைப் போலப் பல மடங்கு சம்பாதித்தது.

படத்துக்குள் ஸாக்கை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தால் நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம். அதைச் செய்யாததால்தான் நீங்களும் நானும் பன்னிரண்டு நாளாக இங்கே எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கதைக்கு முடிவில்லை என்று கடைசியில் எழுத்து போடுவதை விளம்பர உத்தி என்று ஒருவர் சொன்னார். போர் முடியாத ஆண்டில் வந்த படம் வேறு எப்படி முடியும்?

பிப்ரவரி 18

அந்த மேஜரின் பெயரென்ன என்று கேட்டவருக்கு: பெயர் கிடையாது. நடிகர் பட்டியலில் ‘தி ரெட்’ (சிவப்பன், அதாவது கம்யூனிஸ்ட்) என்று மட்டும் இருக்கிறது. சிறுவனுக்கும் ஸாக் வைத்த பட்டப்பெயர்தான். அவன் சொந்தப் பெயரை யாரும் கேட்பதில்லை. ஜப்பானிய அமெரிக்கச் சிப்பாயான டனாகாவிடம், உலகப் போரின்போது உன் இனத்தவரை முகாமில் அடைத்த நாட்டுக்காகவா சண்டையிடுகிறாய் என்று கேட்கும் அளவுக்கு அந்த மேஜருக்கு அறிவும் பேச்சும் கொடுத்த ஃபுல்லர், ஒரு பெயரையும் கொடுத்திருக்கலாம். அதற்குப் பணம் எதுவும் செலவாகியிருக்காது.